வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலம்

1

கனடாவில் ஒரு நீச்சல் தடாகத்துக்குள் வைத்து என்னைப் பொலிஸ் கைது செய்துவிட்டதாக எங்கள் ஊர் அன்புவழிபுரத்தில் ஒரு கதை உலாவுகிறதாம். அண்ணன் தொலைபேசியில் சொன்னான். கைதாகும்போது நான் என்ன உடுத்திருந்தேன் என்பதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறதாம். ஆளாளுக்கு விளக்கம் கொடுக்க எனக்கு நேரமில்லை. ஆகவே எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். என்னை யாரும் கைது செய்யவில்லை. விசில் ஊதினார்கள், அவ்வளவுதான். ஊதியது என் சொந்த மகள்.

நான் எதற்காகத் தடாகத்துக்குப் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இங்கே வந்த நாள் முதல் பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றபடி வேலை. கதிரை போட்டால் நாங்கள் நித்திரையாகிவிடுவோம் என்ற அக்கறையில் அவர்கள் கதிரை போடுவதில்லை. அதனால் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. வைத்தியர் எக்ஸ்ரேயைக் காட்டி, சத்திரசிகிச்சை செய்ய எனக்கு வயது காணாது என்றார். படி ஏற எனக்கு வயது கூடிவிட்டது என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்குள் நடவுங்கள், உங்கள் பாரத்தைத் தண்ணீர் தாங்கும் என்றார். இத்தனை வருசத்தில் என் பாரத்தைத் தாங்க ஒன்று முன்வருவது இதுதான் முதல் தடவை என்பதால் எனக்கும் பிடித்துப்போனது.

"எந்த ஊர்?" என்று கேட்டார். திருகோணமலை, பெரிய துறைமுகம் உள்ள ஊர் என்றேன். "அப்படியென்றால் நீங்கள் நன்றாக நீந்துவீர்கள்" என்றார். ஓம் என்றேன். உண்மையைச் சொல்ல அன்றைய நேரம் போதாது.

2

உண்மை இதுதான். எங்கள் துறைமுகம் உலகப் பிரசித்தம். அதை நாங்களும் பார்த்திருக்கிறோம், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று. ஒரு கரை சீருடைக்காரருக்கு, ஒரு கரை கப்பல்காரருக்கு, ஒரு கரை விருந்தாளிகளுக்கு. மிஞ்சிய கரையில் நாங்கள் பின்னேரங்களில் கச்சான் கொறித்தோம். அங்கேயும் கடல் பொடியன்களுக்குத்தான். அவர்கள் பாலத்திலிருந்து குதிப்பார்கள். பொம்பிளைப் பிள்ளைகள் நாங்கள் மணலில் வரிசையாக இருந்து பாவாடையை இழுத்துவிடுவோம். கால் நனைக்க அனுமதி உண்டு. முழங்காலுக்கு மேல் நனைந்தால் கலியாணம் குழம்பும் என்று பெரியவர்கள் கணித்து வைத்திருந்தார்கள். என்ன கணக்கோ, நனையாத முழங்கால்தான் இப்போது தேய்ந்திருக்கிறது.

பிரச்சினைக் காலத்தில் கோட்டை வாசலில் எங்கள் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கோட்டைக்குள் மேயும் மான்கள் அதே வாசலால் ஆடி அசைந்து போயின, அவற்றை ஒருவரும் மறிக்கவில்லை. எங்கள் நகரத்தில் எல்லாப் பொது இடத்துக்கும் தடையில்லாமல் போய்வரும் உரிமை பெற்ற ஒரே சமூகம் மான்கள்தான். அவை எந்தக் கூட்டத்துக்கும் போய்க் கேட்கவும் இல்லை.

பொம்பிளைகள் தலை முதல் கால் வரை நனைய இருந்த இடம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அதற்கும் ஒரு முறை இருந்தது. வீட்டிலேயே நல்லெண்ணெயை உச்சியிலிருந்து வழிய வழிய வைத்து, பழைய துவாயால் தலையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறவேண்டும். கண்டக்டர் எங்களைக் கண்டதும் சீற்றைப் பற்றித்தான் கவலைப்படுவார். கிணற்றடியில் உடுப்போடு நின்று வாளி வாளியாக அள்ளி ஊற்றுவோம். வீட்டுக்கு வந்தபிறகுதான் சீயாக்காய். தண்ணீருக்குப் போகமுதல் எண்ணெய், தண்ணீரால் வந்தபின் சீயாக்காய் என்று என் மண்டையில் அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

3

இங்கே எங்கள் நகரசபைக்குப் பூங்காக்களையும் பொழுதுபோக்கு வகுப்புகளையும் பார்க்கவென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு ஒரு கொள்கை இருக்கிறது: எல்லாருக்கும் சமமான வாய்ப்பு. சமூக நிலையத்தின் வாசலில் இதைப் பல மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் ஒட்டியிருப்பது, "எல்லா உடல்களும் இங்கே வரவேற்கப்படுகின்றன." எங்கள் ஊரில் உடல்களை வரவேற்கும் இடம் ஆசுபத்திரியின் பின்பக்கம் இருந்தது. முதல் நாள் அதை வாசித்துவிட்டு நான் உள்ளே போகக் கொஞ்சம் யோசித்தேன்.

தண்ணீர் வகுப்புகளுக்குப் பதிவு, இணையத்தில், காலை ஏழு மணிக்குத் திறக்கும். கட்டிலில் படுத்தபடி விரலால் தட்டுகிறவருக்கும் ஏழு மணிதான், பிஸ்கட் பெட்டி அடுக்குகிறவருக்கும் ஏழு மணிதான். இதைவிடச் சமம் எங்கே கிடைக்கும்? எனக்குத் தேநீர் இடைவேளை வரும்போது எல்லாம் நிரம்பியிருக்கும். வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. அதற்கு வறுமையை நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கும் கந்தோர் வேலை நாளில் மட்டும் திறந்திருக்கும். ஆகவே அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனால், நீங்கள் ஏழைதான் என்று உறுதியாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கொள்கையின் சுவரில் ஓட்டை போட்டவள் ஃபரீதா. கிண்ணியாக்காரி. ஊரில் எங்களுக்கு நடுவில் குடா ஒன்று கிடந்தது. இங்கே ஒரே மாடிக் கட்டடம், ஒரே லிஃப்ட். அவளுக்கு இடுப்பில் நாரி வருத்தம், எனக்கு முழங்கால். ஆம்பிளைகள் நிற்கும் தடாகத்தில் அவள் இறங்கமாட்டாள். எனக்கும் அப்படி ஒன்றும் ஆசையில்லை.

"ஒரு மணித்தியாலம் பொம்புளைகளுக்குத் தனியத் தரச் சொல்லிக் கேப்பம், புள்ள. தந்தாத் தரட்டும், இல்லாட்டி இல்லெண்டு செல்லட்டும்" என்றாள்.

அவள் கிழமை தவறாமல் போய் முகப்பு மேசையில் நின்றாள். முகாமையாளர் கிரெக் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் ஒரே முகத்துக்குத் திரும்பத் திரும்ப இல்லை என்று சொல்ல ஏலாது. கடைசியில் வெள்ளிக்கிழமை முற்பகலில், தடாகம் வெறுமனே கிடக்கும் ஒரு மணித்தியாலத்தை, பரீட்சார்த்தமாகத் தந்தார். எனக்கும் வெள்ளிக்கிழமை வேலையில்லாத நாள். பதிவு தேவையில்லை, வந்து இறங்கலாம். ஆனால் தண்ணீரில் யாரும் தாழாமல் காவலில் நிற்பதற்குப் பெண் வேண்டும், கண்ணாடிச் சுவரை மறைக்கவேண்டும், மறைப்பதற்கு நகரசபையிடம் காசு இல்லை. ஃபரீதா பழைய சேலைகளையும் கட்டில் விரிப்புகளையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். காவலுக்கு நிற்க அங்கே ஒரு பெண்தான் இருந்தாள். என் மகள் அபிநயா. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அங்கே பகுதிநேரம் வேலை செய்கிறாள்.

"அம்மா, தண்ணிக்குள்ள நீங்க என்னோட கதைக்க வேண்டாம். அது என்ட வேலை இடம்" என்றாள்.

"வேலை செய்யிற பிள்ளையோட தாய் கதைக்கக் கூடாது எண்டு எங்க எழுதிக் கிடக்கு?"

"அம்மா."

அவளுடைய தமிழில் சொற்கள் குறைந்துகொண்டு வருகின்றன. இந்த ஒரு சொல்லை வைத்தே ஏழு விதமாகச் சண்டை பிடிப்பாள்.

நீளக் காற்சட்டையும் நீளச் சட்டையும் போட்டுக்கொண்டு முதல் வெள்ளிக்கிழமை இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீரில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தேன். முழங்கால் நோகவில்லை. திரும்பி நடந்தேன். அப்போதும் நோகவில்லை. எனக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் நின்று அழுவதில் ஒரு வசதி, எது எது என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதக் கடைசியில் கைபிடியைப் பிடிக்காமல் பஸ் படியில் ஏறினேன். சாரதிக்கு அது ஒரு பெரிய விசயமாகத் தெரியவில்லை.

4

இடையில் மகளோடு ஊருக்கு வந்துபோனேன். சிலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். மெலிந்துவிட்டேன் என்றவர்களும் கொழுத்துவிட்டேன் என்றவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

உப்புவெளிப் பக்கம் கடலில் நீந்தவேண்டும் என்று அபி பிடிவாதமாக நின்றாள். போனோம். நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு விடுதிக்கு முன்னால் காவலுக்கு நின்ற பொடியன் என்னை மறித்தான்.

"அம்மா, உள்ளூர் ஆக்கள் அங்கால போங்கோ. இது கெஸ்ட் ஆக்களுக்கு."

கடற்கரை எல்லாருக்கும் பொது என்று சட்டம் இருக்கிறது என்பார்கள். சட்டம் அன்றைக்கு லீவில் நின்றிருக்கவேண்டும். நான் வாயைத் திறக்கமுதல் அபி வந்து அவனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பொடியன் நிமிர்ந்தான், சிரித்தான், துவாய் விரித்த சாய்கதிரை ஒன்றைக் காட்டினான். நான் பெற்ற பிள்ளை விருந்தாளி. பெற்ற நான் உள்ளூர்.

நடந்ததை அவளுக்கு விளக்கினேன். "நீங்க மனேஜரோட கதைச்சிருக்கலாமே" என்றாள். எங்கள் ஆட்கள் பிள்ளையாரை நம்புவதுபோல கனடாப் பிள்ளைகள் மனேஜரை நம்புகிறார்கள். தேங்காய் உடைக்காததுதான் குறை.

நாங்கள் அங்கால் போனோம். அவள் கடலுக்குள் இறங்கித் தூரப் போய்விட்டாள். கரையில் சனம் கூடி நின்று பார்த்தது. நானும் பாதம் நனைய நின்று பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில் நான் ஒருநாளும் போகாத இடத்தில் என் பிள்ளையின் தலை மிதந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

5

இனி நல்லெண்ணெய்க்கு வருவோம்.

தடாகத்துக்கு வரத் தொடங்கியபின் தலைமயிர் கொட்டுகிறது என்று ஃபரீதா ஒருநாள் சொன்னாள். தண்ணீருக்குள் போடும் குளோரின் செய்யும் வேலை அது. கேட்டவர்களுக்கு ஆலோசனை சொல்லாமல் இருக்க எங்கள் சனத்தால் ஏலுமா?

"எண்ணெய் வச்சுக்கொண்டு வாங்கோ. வெள்ளிக்கிழமைதானே, பொம்பிளைகள் தோயிற நாள். மயிருக்கும் நல்லம், கண்ணுக்கும் குளிர்ச்சி. வீட்ட போய் சம்பூ போடுங்கோ" என்றேன்.

எங்களோடு வெள்ளிக்கிழமைகளில் இறங்கும் சோமாலியாக்காரி ஒருத்தி என்ன கதைக்கிறோம் என்று கேட்டாள். சைகையில் விளக்கினேன். பக்கத்தில் நின்ற ஆப்கானிஸ்தான் தாய் ஒருத்திக்கு அவளுடைய மகள் மொழிபெயர்த்தாள். நல்ல செய்தி கடவுச்சீட்டு இல்லாமலே எல்லை தாண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை என் தலையில் நல்லெண்ணெய், ஃபரீதாவின் தலையில் தேங்காய் எண்ணெய், அந்தத் தாய்க்கும் மகளுக்கும் வாதுமை எண்ணெய். சோமாலியாக்காரி உடம்புக்கும் சேர்த்து ஏதோ வாசனை எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு வந்தாள். இறங்கமுதல் ஷவரில் நனையவேண்டும் என்று அறிவித்தல் இருக்கிறது. சட்டத்தை மதித்து எல்லாரும் நனைந்தோம். குசினியில் காலம் தள்ளிய பொம்பிளைகளில் ஒருத்திக்குக்கூட, எண்ணெய் பச்சைத் தண்ணீருக்குப் போகாது என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

நான் ஒரு நடை நடந்து திரும்பியபோது தண்ணீரின் மேல் ஊதாவும் பச்சையுமாகப் படலம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வடிவாக இருந்தது. அபி காவல் கதிரையில் இருந்து மூக்கைத் தூக்கினாள். அந்த மூக்கு எங்கள் வீட்டுக் குளியலறையில் வளர்ந்த மூக்கு. விசில் ஊதினாள். எல்லாரும் வெளியே என்றாள்.

கிரெக் ஓடிவந்தார். பெண்களுக்கான நேரம் என்பதால் உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்றே கத்தினார். இப்படிப்பட்ட மரியாதை வேறு எந்த நாட்டில் கிடைக்கும்?

"என்ன பதார்த்தம் அது?"

"எள்ளெண்ணெய்" என்று அபி இங்கிருந்து ஆங்கிலத்தில் கத்தினாள்.

"எப்படித் தெரியும்?"

"என் அம்மாவுடையது."

பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டால் அடுத்த வாசலால் போன பிள்ளை அவள். அம்மா என்று என்னை ஊருக்கே கேட்க அறிவிக்க அவளுக்கு அன்றைக்குத்தான் சந்தர்ப்பம் வாய்த்தது.

தண்ணீரைச் சுத்தம் செய்ய அந்த வார இறுதி முழுக்கத் தடாகத்தை மூடினார்கள். குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்கள் இரண்டு நின்றுபோயின. பெற்றோர் வெள்ளிக்கிழமைக்காரரை ஏசினார்கள்.

காரில் போகும்போது அபி சொன்னாள், "நான் அங்க வேலை செய்யிறன், அம்மா."

"நான் அங்கதான் நடக்கிறன்" என்றேன்.



6

அந்த மணித்தியாலத்தை வைத்திருப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். அழைப்பில் எங்களைப் பங்குதாரர்கள் என்று தமிழில் குறிப்பிட்டிருந்தார்கள். தடாகத்தில் தனக்கு எத்தனை பங்கு, இலாபம் எப்போது வரும் என்று ஃபரீதா கேட்டாள். கூட்டம் வெள்ளிக்கிழமை முற்பகலில், எங்கள் மணித்தியாலத்தில். நாங்கள் எப்படியும் அந்த நேரம் வருகிறவர்கள்தானே என்ற வசதியைக் கருதி வைத்தார்களாம். எங்கள் குளியலைக் காப்பாற்றுவதற்காக எங்கள் குளியலை ரத்துச் செய்தார்கள்.

கூட்டத்தை நடத்த வந்த பெண் சின்னச் சின்ன வர்ணக் கடதாசிகளைத் தந்து, உங்கள் கனவுத் தடாகத்தை எழுதுங்கள் என்றாள்.

"கனவெல்லாம் வேணா, புள்ள. இருக்கிற வெள்ளிக்கிழமயத் தந்தாப் போதும் எண்டு எழுதுங்க" என்று ஃபரீதா எனக்குச் சொன்னாள்.

பிறந்தநாள் விழா நின்றுபோன தாய் ஒருத்தி எழும்பி, எல்லாரும் வரி கட்டும்போது சிலருக்கு மட்டும் ஏன் தனி நேரம் என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. தனியாக இல்லாத மற்ற மணித்தியாலங்கள் எல்லாவற்றிலும் எங்களில் எத்தனை பேரை அவள் தண்ணீருக்குள் கண்டிருக்கிறாள் என்று நான் கேட்டிருக்கவேண்டும். ஆங்கிலத்தில் அந்த வசனம் வர எனக்கு ஒரு நாள் பிடித்தது. அந்த இடத்தில் வந்தது இவ்வளவுதான்: "எண்ணெய் என் பிழை. இனி சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குவோம். ஆனால் தண்ணீருக்குள் நான் நடக்கிறேன். வெளியில் என்னால் நடக்க ஏலாது."

எல்லாரும் கைதட்டினார்கள். இந்த நாட்டில் எதற்கும் கைதட்டுவார்கள். நடத்திய பெண் மஞ்சள் கடதாசியில் 'முழங்கால்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

முடிவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. ஒரு மணித்தியாலம் நிரந்தரமாகிவிட்டது. ஃபரீதாவின் சேலைகளைக் கழற்றிவிட்டு நல்ல திரை போட்டார்கள். மகளிர் நல்வாழ்வு நேரம் என்று பெயர் வைத்து, பஸ் தரிப்பிடமெல்லாம் விளம்பரம் ஒட்டினார்கள். இவ்வளவு பேருக்குத் தெரிந்தபிறகு முந்தி வந்தவர் இறங்குவது நியாயமில்லை அல்லவா? ஆகவே இனி இணையத்தில் பதியவேண்டும். காலை ஏழு மணிக்கு.

7

பதிவு திறக்கும் நாளில் வேலைக்கு லீவு போட்டேன். அபி தன்னுடைய மடிக்கணினியோடு பக்கத்தில் இருந்தாள். ஃபரீதாவின் விபரங்களையும் எடுத்து வைத்திருந்தாள். ஏழு மணிக்குத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றி நின்றபோது எல்லா இடமும் போய்விட்டது. எங்கள் இரண்டு பேரையும் காத்திருப்போர் வரிசையில் போட்டார்கள். நாங்கள் கேட்டு வாங்கிய தண்ணீர், நாங்கள் தைத்து மறைத்த தண்ணீர்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அபியிடம் சொன்னேன்.

"நீ அந்த வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாத. பெண் காவல் இல்லாட்டி அவை மூடத்தான் வேணும். மூடட்டும்."

"மூடினா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"எனக்கு ஒண்டும் கிடைக்க வேண்டாம். அவைக்கும் கிடைக்க வேண்டாம்."

"நான் போறன், அம்மா" என்றாள். போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் குசினியில் சட்டி பானைகளோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டு சமைத்தேன். அவள் பின்னேரம் வந்து, கேட்காமலே கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

"இண்டைக்கு ஒரு ஆள் வந்தவ. உங்கட வயசுதான் இருக்கும். ஒப்பறேஷன் செய்த ஆள். ஒரு பக்கம் நெஞ்சு இல்லை."

நான் கறியைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

"துவாயைப் பிடிச்சுக்கொண்டு கரையிலயே நிண்டவ. எல்லாரும் இறங்கிட்டினம், அவ இறங்கேல்லை. ஒப்பறேஷனுக்குப் பிறகு இண்டைக்குத்தான் முதல் முறையாம். பொம்பிளைகள் மட்டும் எண்டு பஸ் தரிப்பிடத்தில பாத்துப் பதிஞ்சு வந்தவவாம்."

"பிறகு?"

"நான் கொஞ்ச நேரம் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனான். திரும்பிப் பாத்தா, அவ தண்ணிக்குள்ள நிக்கிறா."

காவலில் நிற்கிறவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அது அவளுடைய வேலையின் முதலாவது சட்டம், மீறினால் வேலை போகும். பெற்ற தாய்க்கே விசில் ஊதிய பிள்ளை யாரோ ஒருத்திக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு எரிச்சல் வந்தது, பெருமையும் வந்தது. இந்த நாட்டில் எதைக் கண்டாலும் நக்கலடிக்க எனக்கு ஏதாவது அகப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு அகப்பை கறியை அவளுடைய சோற்றில் விட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கும் போகிறேன். இரண்டாவது மணித்தியாலம் ஒன்று கேட்கப்போகிறேன், அதற்கும் கைதட்டுவார்கள். அந்த மனுஷியைத் தண்ணீரை விட்டு எழுப்பி, அந்த இடத்தை எனக்குத் தாருங்கள் என்று மட்டும் கேட்க என்னால் ஏலாது. முழங்கால் கேள், கேள் என்றுதான் சொல்லுகிறது.